தளர்ந்த ஓட்டுச் சங்கிலியைச் சீர்செய்தல்



நெற்செய்கையில் காலம் தவறுதல் கைமுதல் தவறுதலுக்கு ஒப்பாகும். வாய்க்காலில் நீர் விடப்படும் நாளும், விதைப்பு முடியவேண்டிய நாளும் போகத்துக்கு முந்திய கூட்டத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றன. அந்நாட்களுக்கிடையில் உழவு இயந்திரம் இரண்டொரு நாள் நின்றுபோனால், அயல் வயல்களெல்லாம் விதைத்து முடிந்திருக்க, உங்கள் வயல் மட்டும் பின்தங்கும். பின்தங்கிய பயிர் பூக்குங்காலத்தில் நீர் குறைந்துபோகலாம். அறுவடை வேளையில், வெட்டு இயந்திரம் அயல் வெளியை முடித்துக்கொண்டு போய்விடலாம்.

இயந்திரம் வயலின் நடுவே நின்றுபோவதற்குப் பொறி பழுதுபடுவதே காரணமென்று பலர் எண்ணுகின்றனர். அது எப்போதும் சரியன்று. பொறி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் பலத்தைக் கத்திகளுக்கோ, சூடடிக்கும் உருளைக்கோ, சில்லுகளுக்கோ கொண்டுசெல்லும் சங்கிலி தளர்ந்து பற்சில்லைவிட்டு நழுவியிருக்கும், அல்லது அறுந்திருக்கும். இச்சங்கிலியின் தளர்வை முன்கூட்டியே கண்டறிந்து, சாதாரண ஆயுதங்களைக்கொண்டு வீட்டு முற்றத்திலேயே சீர்செய்யும் முறையை இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்குவோம்.

1. சங்கிலி தளர்வது ஏன்?

பண்ணை இயந்திரங்களில் பெரும்பாலும் பயன்படுவது உருளைச் சங்கிலியாகும். இவ்வகைச் சங்கிலியை 1880 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனோல்ட் என்னும் பொறியியலாளர் உருவாக்கினார். ஒவ்வொரு கண்ணியிலும் இரு பக்கத் தகடுகளும், அவற்றை இணைக்கும் ஆணியும், ஆணியைச் சூழ்ந்த புஷ்சும், புஷ்சின்மேல் சுழலும் உருளையும் உண்டு. உருளையே பற்சில்லின் பற்களுக்கிடையில் அமர்கின்றது.

“சங்கிலி இழுபட்டு நீண்டுவிட்டது” என்று சொல்வது வழக்கம். உண்மையில் தகடுகள் இழுபட்டு நீள்வது மிக அரிது. சங்கிலி பற்சில்லைச் சுற்றி வளையும்போதெல்லாம் ஆணி புஷ்சினுள் சிறிது திரும்புகின்றது. அவ்விடத்தில் எண்ணெய் வற்றிச் சேறும் மணலும் புகுந்தால் ஆணியும் புஷ்சும் அராவப்படுகின்றன. ஒரு மூட்டில் ஏற்படும் தேய்வு கண்ணுக்குத் தெரியாத அளவாயிருக்கலாம். ஆனால் நூறு மூட்டுகள் உள்ள சங்கிலியில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தேய்ந்தால், சங்கிலி முழுவதும் 10 மில்லிமீற்றர் நீண்டுவிடும். ஆகவே, தளர்வு என்பது பெரும்பாலும் தேய்வின் கணக்கேயாகும். இதனை மனத்திற் கொண்டால், எப்போது இறுக்க வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

சேற்று வயலில் உழுவோரும், கற்பிட்டி போன்ற மணற்பாங்கான இடங்களில் மரக்கறித் தோட்டம் செய்வோரும் இதில் கூடிய கவனம் செலுத்துதல் வேண்டும். எண்ணெயுடன் கலந்த மணல், கத்தி தீட்டும் சாணைக்கல்லைப்போல் மூட்டுகளைத் தின்னும்.

2. தளர்வின் அறிகுறிகள்

(அ) இயந்திரத்தை ஓடவிடும்போதும் நிறுத்தும்போதும் “டக், டக்” என்ற ஓசை கேட்டல்.

(ஆ) கிளச்சைப் பிடித்தவுடன் இயந்திரம் வெட்டியிழுத்துப் புறப்படல்.

(இ) சங்கிலி மேலும் கீழும் அடித்து, காப்புத் தகட்டில் உராய்ந்து பளபளப்பான கோடு விடுதல்.

(ஈ) பாரம் கூடும்போது சங்கிலி பற்களின்மேல் ஏறிக் குதித்தல்.

(உ) பற்சில்லின் பின்புறத்தில் சங்கிலியைப் பிடித்திழுத்தால், அது பற்களைவிட்டு மேலெழும்பி வருதல்.

முதல் அறிகுறி தோன்றியவுடனேயே கவனிப்பவருக்கு அரைமணி நேர வேலை. நான்காம் அறிகுறிவரை விட்டுவைப்பவருக்குச் சங்கிலியோடு பற்சில்லையும் மாற்றும் செலவு வந்துசேரும்.

3. வேலை தொடங்குமுன் காப்பு

சங்கிலியும் பற்சில்லும் சேருமிடத்தில் அகப்பட்ட விரல் திரும்பக் கிடைப்பதில்லை. எனவே பின்வருவனவற்றைத் தவறாது செய்க.

பொறியை முற்றாக நிறுத்துக. திறப்பு உள்ள இயந்திரமாயின் அதனைக் கழற்றி உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. கியரை நடுநிலையில் வைத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல்லோ மரக்குற்றியோ அண்டை கொடுக்க. உயர்த்தி வைத்த பாகத்தை ஜாக்கியின்மேல் மட்டும் நம்பி விடாது, உறுதியான மரக்குற்றியின்மேல் நிறுத்துக. சாரத்தை மடித்துக் கட்டுக. தொங்கும் துவாயைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுக. சங்கிலியைச் சுற்ற வேண்டியபோது கையால் சில்லைச் சுற்றுக. பொறியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம். ஒருவர் சில்லைச் சுற்ற மற்றவர் சங்கிலியைப் பார்ப்பதாயின், பார்ப்பவர் சொல்லும்வரை சுற்றுபவர் அசைதல் கூடாது. சிறுவர்களை அருகில் விடலாகாது.

4. தளர்வை அளக்கும் முறை

எல்லாச் சங்கிலிக்கும் சிறிது தளர்வு தேவை. வீணைத் தந்தியைப்போல் இறுக்கிய சங்கிலி தன்னையும் கெடுத்து, அச்சுத்தண்டுகளைத் தாங்கும் பெயரிங்குகளையும் கெடுக்கும். எனவே சரியான அளவை அறிதல் வேண்டும்.

ஒரு பற்சில்லை அசையாது பிடித்து மற்றதைச் சிறிது சுற்றுக. சங்கிலியின் ஒரு புறம் விறைப்பாகவும், மறுபுறம் தொய்ந்தும் நிற்கும். விறைத்த புறத்தை இழுபுறம் என்றும், தொய்ந்த புறத்தைத் தளர்புறம் என்றும் சொல்லலாம். தளர்புறத்தின் நடுப்பகுதியை விரலால் மேலே தூக்கி ஒரு அளவும், கீழே அமர்த்தி ஓர் அளவும் எடுக்க. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரமே தளர்வாகும்.

சங்கிலி கிடையாக ஓடினால், இத்தளர்வு இரு பற்சில்லுகளுக்கிடையிலுள்ள தூரத்தின் நூற்றுக்கு 4 பங்காயிருத்தல் நன்று. அதாவது, ஓர் அடித் தூரத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம். சங்கிலி செங்குத்தாக ஓடினாலும், அல்லது அடிக்கடி நின்று புறப்பட்டு, அதிர்ந்து, முன்னும் பின்னுமாக இயங்கினாலும், நூற்றுக்கு 2 பங்கு போதும். அதாவது, ஓர் அடிக்கு கால் அங்குலம்.

உதாரணமாக, இரு பற்சில்லுகளுக்கிடையில் 50 சென்ரிமீற்றர் தூரமுள்ள கிடைச் சங்கிலிக்கு 2 சென்ரிமீற்றர் தளர்வு சரியானது. அதே சங்கிலி செங்குத்தாக நின்றால் 1 சென்ரிமீற்றர் போதும். இயந்திரத்தோடு தரப்பட்ட கைந்நூலில் வேறு அளவு குறிக்கப்பட்டிருந்தால், அதனையே பின்பற்றுக.

5. தேய்வை அளக்கும் முறை

தளர்வைக் கண்டவுடன் இறுக்க ஓடுதல் கூடாது. சங்கிலி இன்னும் இறுக்கத் தகுந்ததா, மாற்ற வேண்டியதா என்பதை முதலிற் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் அடிமட்டமே போதுமானது.

ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை உள்ள தூரத்தைக் கண்ணியளவு என்பர். ஒரு கண்ணியை மட்டும் அளந்தால் தேய்வு தெரியாது. பன்னிரண்டு கண்ணிகளைச் சேர்த்தளக்க வேண்டும். சங்கிலியைத் துடைத்து, விறைப்பாகப் பிடித்து, முதலாம் ஆணியின் இடது ஓரத்திலிருந்து பதின்மூன்றாம் ஆணியின் இடது ஓரம்வரை அளக்க. நடுவை மதிப்பிட்டு அளப்பதைவிட ஓரத்திலிருந்து ஓரம்வரை அளப்பது பிழையற்றது.

பன்னிரண்டு கண்ணிகளின் நீளம் வருமாறு:

அரை அங்குலச் சங்கிலி: புதிதாயின் 152.4 மி.மீ.; மாற்ற வேண்டிய அளவு 157 மி.மீ.

அரையே அரைக்கால் அங்குலச் சங்கிலி: புதிதாயின் 190.5 மி.மீ.; மாற்ற வேண்டிய அளவு 196 மி.மீ.

முக்கால் அங்குலச் சங்கிலி: புதிதாயின் 228.6 மி.மீ.; மாற்ற வேண்டிய அளவு 235.5 மி.மீ.

ஓர் அங்குலச் சங்கிலி: புதிதாயின் 304.8 மி.மீ.; மாற்ற வேண்டிய அளவு 314 மி.மீ.

மாற்ற வேண்டிய அளவு என்பது, சங்கிலி நூற்றுக்கு 3 பங்கு நீண்ட நிலையாகும். அதற்குமேல் உருளைகள் பற்களின் அடியில் அமராது நுனியை நோக்கி ஏறத்தொடங்கும். நூற்றுக்கு 2 பங்கை எட்டியபோதே புதுச் சங்கிலி வாங்கி வைத்துக்கொள்வது விவேகமாகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் முக்கால் அங்குலச் சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகள் 234 மி.மீ. இருப்பதாகக் கொள்வோம். புதிய அளவிலும் 5.4 மி.மீ. கூடியிருக்கின்றது, இது நூற்றுக்கு ஏறக்குறைய 2.4 பங்கு. இச்சங்கிலியை இறுக்கி இப்போதைய வேலையை முடிக்கலாம். ஆனால் அடுத்த போகத்தை இதனை நம்பித் தொடங்குதல் தகாது. மூன்று நான்கு இடங்களில் அளந்து, அவற்றுள் பெரிய அளவையே கணக்கில் எடுக்க வேண்டும். சங்கிலி எங்கும் ஒரேமாதிரித் தேய்வதில்லை.

6. பற்சில்லையும் நேரையும் பார்த்தல்

புதிய பற்சில்லின் பல் இருபுறமும் ஒத்த வடிவுடையது. தேய்ந்த பல் ஒருபுறம் குடைந்து, தூண்டில்முள்போல் வளைந்து நிற்கும். அத்தகைய பற்சில்லில் புதுச் சங்கிலியைப் பூட்டினால், அது சில நாட்களிலேயே பழஞ்சங்கிலியின் கதியை அடையும். புது மாட்டைப் பழுதான நுகத்திற் பூட்டி அதன் கழுத்தைப் புண்ணாக்குவதற்கு இது ஒப்பாகும். ஆகவே, கொக்கிபோல் வளைந்த பற்களைக் கண்டால் சங்கிலியையும் பற்சில்லையும் ஒருங்கே மாற்றுக.

அடுத்து, இரு பற்சில்லுகளும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்க்க. நேரான ஒரு சட்டத்தை இரு பற்சில்லுகளின் பக்க முகங்களிலும் சேர்த்து வைக்க. சட்டம் எங்கும் இடைவெளியின்றி ஒட்டி நின்றால் நேர் சரி. ஒரு பக்கத்தில் வெளிச்சம் தெரிந்தால், பற்சில்லு அச்சுத்தண்டில் நகர்ந்திருக்கும். அல்லது அச்சுத்தண்டு சரிந்திருக்கும். சங்கிலியின் உட்தகடுகள் ஒருபுறம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பதும் இக்குறையையே காட்டும். நேர் தவறிய சங்கிலியை எத்தனை முறை இறுக்கினாலும் பயனில்லை.

7. இறுக்கும் முறை

முதலில் சங்கிலியை மண்ணெண்ணெய் அல்லது டீசல் தோய்த்த தூரிகையால் கழுவித் துடைத்து உலரவிடுக. பெற்றோல் பயன்படுத்துதல் ஆபத்தானது. கழுவும்போது அருகில் பீடி, சுருட்டுப் புகைத்தலாகாது.

இயந்திரத்தின் அமைப்பை நோக்குக. சிலவற்றில் அச்சுத்தண்டையே நீள்துளையில் நகர்த்தி இறுக்கலாம். வேறு சிலவற்றில், சங்கிலியின்மேல் அமரும் சிறு பற்சில்லோ, வழுக்குக் கட்டையோ இறுக்கியாக இருக்கும். இறுக்கி தளர்புறத்தில் நிற்றல் வேண்டும். இழுபுறத்தில் வைத்தால் முழுப்பாரத்தையும் தாங்கி விரைவில் கெட்டுவிடும். இறுக்கி பற்சில்லாயின், அதன் மூன்று பற்களாவது சங்கிலியோடு சேர்ந்திருத்தல் வேண்டும்.

பிடிக்கும் போல்ட்டுகளின் நட்டுகளை முற்றாகக் கழற்றாது, நகர்த்தத்தக்க அளவுக்கு மட்டும் தளர்த்துக. இருபுறமும் இறுக்கும் போல்ட்டுகள் இருப்பின், ஒவ்வொன்றையும் ஒரே எண்ணிக்கையான சுற்றுகள் திருகுக. ஒருபுறம் கூடினால் அச்சுத்தண்டு சரியும். பின்னர் தளர்வை மேலே சொன்னபடி அளக்க.

இனி முக்கியமான ஒரு செய்கை உண்டு. சில்லை மெதுவாகச் சுற்றி, நான்கைந்து இடங்களில் தளர்வைப் பார்க்க. தேய்ந்த சங்கிலி ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொய்ந்தும் நிற்கும். மிக இறுகிய இடத்தைக்கொண்டே அளவை அமைக்க வேண்டும். தொய்ந்த இடத்தைப் பார்த்து இறுக்கினால், இறுகிய இடம் வரும்போது பெயரிங் நசுங்கும்.

அளவு சரியானதும் நட்டுகளையும் பூட்டு நட்டுகளையும் இறுக்கி, மீண்டும் ஒருமுறை தளர்வையும் நேரையும் பார்க்க. நட் இறுகும்போது அச்சுத்தண்டு சிறிது நகர்வது உண்டு. காப்புத் தகட்டைத் திரும்பப் பூட்டிய பின்னரே பொறியை ஓடவிடுக. சில மணி நேரம் வேலை செய்தபின் நிறுத்தி, இன்னொருமுறை அளந்து பார்த்தல் நன்று.

8. கண்ணி குறைத்தலும் புதுச் சங்கிலி பூட்டுதலும்

இறுக்கியின் எல்லை முடிந்தும் சங்கிலி தொய்ந்து நின்றால், பலர் இரு கண்ணிகளை வெட்டியெடுத்துவிடுகின்றனர். சங்கிலியின் தேய்வு நூற்றுக்கு 3 பங்குக்குக் குறைவாயிருந்தால் மட்டும் இவ்வாறு செய்யலாம். உட்கண்ணி ஒன்றும் வெளிக்கண்ணி ஒன்றும் சேர்த்து இரண்டாகவே குறைக்க வேண்டும். ஒரு கண்ணி மட்டும் குறைக்க அரைக் கண்ணி என்னும் வளைந்த கண்ணி தேவை. அது சங்கிலியின் மற்றக் கண்ணிகளிலும் பலம் குறைந்ததாகையால், பாரமான வேலைக்கு அதனைத் தவிர்ப்பது நலம்.

சங்கிலியைச் சேர்க்கும் இணைப்புக் கண்ணியில் சிறு கிளிப் ஒன்று உண்டு. அதன் ஒரு முனை மூடியும் மறுமுனை பிளந்தும் இருக்கும். மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். மாறிப் பூட்டினால், கிளிப் எதிலாவது உரசிக் கழன்றுவிடக்கூடும். பின்னர் சங்கிலி வயலிற் சிதறும்.

அறுந்த சங்கிலியைக் கம்பியாலோ, ஆணியை வெட்டியோ, காய்ச்சி ஒட்டியோ சேர்த்தல் ஒருபோதும் கூடாது. அவ்வாறு சேர்த்த சங்கிலி ஓடும்போது அறுந்து எறியப்பட்டால், அருகில் நிற்பவரின் முகத்தையோ கண்ணையோ தாக்கும். இணைப்புக் கண்ணி ஒன்றையும் கிளிப் இரண்டையும் கருவிப் பெட்டியில் எப்போதும் வைத்திருங்கள்.

9. பெட்டியினுள் ஓடும் சங்கிலி

இரு சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றின் சுழற்கலப்பையை ஓட்டும் சங்கிலி, மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் தோய்ந்து ஓடுகின்றது. கண்ணுக்குத் தெரியாமையால் இதனை மறந்துவிடுகின்றோம். வேலை தொடங்குமுன் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க. எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறமாயிருந்தால், கத்தித் தண்டின் சீல் கெட்டுச் சேற்று நீர் உள்ளே புகுந்துள்ளது என்று அறிக. எண்ணெயை முழுதும் வடித்து, பெட்டியைக் கழுவி, சீலை மாற்றிய பின்னரே புது எண்ணெய் விடுக. சீலை மாற்றாது எண்ணெயை மட்டும் மாற்றினால், ஒரு வயல் உழுவதற்குள் அது மீண்டும் நீராகும்.

வைக்கோலும் புல்லும் கத்தித் தண்டின் ஓரத்தில் இறுகச் சுற்றிக்கொள்வது சீல் கெடுவதற்கு ஒரு முக்கிய காரணமாகும். மாலையில் வேலை முடிந்ததும் பொறியை நிறுத்தி, அவற்றை வெட்டி அகற்றுக. பெட்டிக்கு வெளியே இறுக்கும் போல்ட் இருப்பின், கைந்நூலிற் சொன்ன அளவுக்கே திருகுக. ஓசை நிற்கும்வரை திருகுவோம் என்பது தவறு. அது உள்ளிருக்கும் இறுக்கித் தகட்டைத் தேய்த்துவிடும்.

10. நீரிலும் நிலத்திலும் ஓடும் வாகனத்திலிருந்து ஒரு பாடம்

கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 1960 களிலிருந்து, ஆறு அல்லது எட்டுச் சில்லுகளுடன் நீரிலும் சேற்றிலும் ஓடும் சிறு வாகனங்கள் செய்யப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு பக்கத்துச் சில்லுகளும் சங்கிலிகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. திரும்புவதற்கு முன்சில்லு வளைவதில்லை. ஒரு பக்கத்துச் சில்லுகளைத் தடுத்து மறுபக்கத்தை ஓட்டியே திருப்புகின்றனர். இதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் சங்கிலிகளின்மேல் பெரும்பாரம் விழுகின்றது. அதோடு, சங்கிலிகள் வாகனத்தின் அடித்தட்டுக்குள், சேறும் நீரும் தேங்கக்கூடிய இடத்தில் ஓடுகின்றன.

பழைய வாகனங்களில் ஒரு சங்கிலி தொய்ந்தால், அது அடித்தட்டில் உராயும். பற்களில் ஏறிக் குதிக்கும். அறுந்தால், அதனால் ஓடும் சில்லுகள் நின்றுவிடும். இதற்கும் மருந்து மேலே சொன்னதே: அடித்தட்டைக் கழுவிச் சேற்றை அகற்றுதல், பன்னிரண்டு கண்ணிகளை அளத்தல், பற்களையும் நேரையும் பார்த்தல், இறுக்கியைச் சரிசெய்தல், எண்ணெயிடுதல். ஒவ்வொரு சங்கிலியையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று நன்றாயிருப்பதால் மற்றதும் நன்றென்று கொள்ளலாகாது. பல சங்கிலிகளால் இயங்கும் வெட்டு இயந்திரம் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும்.

11. எண்ணெயிடுதல்

வெளியே ஓடும் சங்கிலிக்குக் கட்டியான கிறீஸ் பூசுவது பயனற்றது. அது ஆணிக்கும் புஷ்சுக்கும் இடையிற் புகாது, வெளியில் நின்று மணலைச் சேர்க்கும். பொறிக்கு விடும் 30 அல்லது 40 ஆம் இலக்கப் புது எண்ணெய் ஏற்றது. பொறியிலிருந்து வடித்த கறுத்த எண்ணெயில் உலோகத் துகளும் கரியும் இருப்பதால் அது வேண்டாம்.

எண்ணெயைச் சங்கிலியின் வெளிப்புறத்தில் ஊற்றாது, உட்புறத்தில், பக்கத்தகடுகள் ஒன்றன்மேலொன்று சேரும் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுக. சங்கிலி சுற்றும்போது எண்ணெய் வெளிநோக்கி எறியப்படுவதால், உட்புறத்தில் விட்டதே மூட்டினூடாகச் செல்லும். மாலையில் எண்ணெயிட்டு இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் மிகுந்ததைத் துடைத்துவிடுதல் சிறந்தது. சேற்றில் வேலை செய்யும் நாட்களில் ஒவ்வொரு மாலையும் கழுவி எண்ணெயிட வேண்டும். போகம் முடிந்து இயந்திரத்தைக் கொட்டிலில் விடும்போது, சங்கிலியைக் கழற்றிக் கழுவி, எண்ணெயில் தோய்த்துச் சாக்கில் சுற்றி வைத்தால் துரு ஏறாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

பொறியை நிறுத்தாது சங்கிலியில் கைவைக்க வேண்டாம்.

கிடைச் சங்கிலிக்கு அடிக்கு அரை அங்குலம், செங்குத்துச் சங்கிலிக்கு அடிக்கு கால் அங்குலம் தளர்வு போதும்.

இறுக்குமுன் பன்னிரண்டு கண்ணிகளை அளக்க. நூற்றுக்கு 3 பங்கு நீண்டால் மாற்றுக.

தேய்ந்த பற்சில்லில் புதுச் சங்கிலியைப் பூட்ட வேண்டாம்.

மிக இறுகிய இடத்தைக்கொண்டே அளவை அமைக்க.

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பர். போகக் கூட்டம் கூடுமுன்னரே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, உங்கள் இயந்திரத்தின் சங்கிலிகளை அளந்து, அளவையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த போகத்தில் அதே இடத்தில் மீண்டும் அளந்தால், எவ்வளவு தேய்ந்துள்ளது, புதுச் சங்கிலி எப்போது தேவைப்படும் என்பதை அந்தக் கொப்பியே உங்களுக்குச் சொல்லும். ஐயம் ஏற்படின், உங்கள் பகுதிக்குரிய விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் சந்தித்துக் கேட்டறிக.